ஜோடி சேர்ப்பது யார்?

(அம்பத்தூரில் கூடிய பொதுக்கூட்டத்தில் நாம் பேசியது)



இன்று நாம் பேச எடுத்துக் கொண்டிருக்கும் விஷயம் பெண்கள் ஆடும் டென்னிஸ் பந்தாட்டம், அதிலும் இருவர் சேர்ந்து ஆடும் ஜோடி ஆட்டம் என்று நோட்டீசில் பார்த்ததும் உங்களில் அனேகர் சிரித்திருப்பீர்கள். அம்பத்தூர் எஸ்டேட்டில் ஷிப்டு முடிந்து வருகிறவனுக்கும், ஆவடியிலிருந்து ரயிலில் தொத்திக் கொண்டு வேலைக்குப் போகிறவளுக்கும், பூந்தமல்லியில் பூக்கட்டிப் பிழைக்கிறவளுக்கும் டென்னிஸ் எதற்கு, அது பணக்கார வீட்டுப் பிள்ளைகள் வெள்ளை உடுப்புப் போட்டுக் கொண்டு ஆடுகிறதல்லவா என்று கேட்பீர்கள்.

கேள்வி நியாயமானதுதான். வெள்ளைக்காரன் அவனுடைய கிளப்பில் அவனுக்காகப் போட்டுக் கொண்ட ஆட்டம்தான் அது. நம்மவர்களுக்கு அந்த வாசற்படிக்குள் கிடைத்த முதல் உத்தியோகம் பந்து பொறுக்கிக் கொடுப்பதுதான். ஆனால் தோழர்களே, படிப்பைப் பற்றியும் ஒரு காலத்தில் இப்படித்தானே சொன்னார்கள்? செருப்புப் போடுவதைப் பற்றியும், தோளில் துண்டு போடுவதைப் பற்றியும் இப்படித்தானே சொன்னார்கள்? "உனக்கெதற்கு" என்று ஒருவன் கேட்டால் அந்த வஸ்துவில் ஏதோ சங்கதி இருக்கிறதென்றே நாம் எடுத்துக் கொள்வது வழக்கம். ஆதலால் சற்று உள்ளே போய்ப் பார்ப்போம்.

ஜோடி ஆட்டம் என்றால் என்ன? ஒற்றைக்கொற்றை ஆடும்போது களத்தின் அகலம் 27 அடி. இரண்டு பேராக ஆடும்போது இரு பக்கத்திலும் நாலரை அடி கூட்டி 36 அடி. நீளம் இரண்டுக்கும் 78 அடிதான். ஒருவர் பின்னால் நின்று பந்து போட, மற்றவர் வலைக்குப் பக்கத்தில் நிற்பார். வலையருகே நிற்பவர் முதுகுக்குப் பின்னால் விரலை மடக்கி ஜாடை காட்டுவார். எதிரிக்குத் தெரியாது, தன் துணைக்குத் தெரியும். இதில் ஒரு விதியை மட்டும் நீங்கள் கவனிக்க வேண்டும். நால்வரும் முறை வைத்துத்தான் பந்து போட வேண்டும். தன் முறை வந்தால் போட்டே தீர வேண்டும். ஆணும் பெண்ணும் கலந்து ஆடும் ஜோடியிலும் இதே விதிதான். "நான் புருஷன், நானே போடுகிறேன், நீ ஓரமாய் நில்" என்று சொல்ல சட்டத்தில் இடமில்லை. நமக்குத் தெரிந்து, ஆண் முறையும் பெண் முறையும் இவ்வளவு கண்டிப்பாய் எழுதி வைக்கப்பட்ட இடம் நம் நாட்டு வீடுகளில் ஒன்றுகூட இல்லை.

(பந்து வலை விளிம்பில் பட்டு அந்தப் பக்கம் விழுந்துவிட்டால் ஆண்டவன் செயல் என்று மேலே பார்த்துக் கும்பிடுகிறவர்கள் அங்கும் உண்டு. அதே பந்து இந்தப் பக்கம் விழுந்தால் யார் செயல் என்று அவர்களை யாரும் கேட்பதில்லை.)

நம் நாட்டில் ஜோடி என்ற வார்த்தைக்கு அர்த்தமே வேறு. மாட்டு ஜோடி, செருப்பு ஜோடி, கல்யாண ஜோடி என்கிறோம். இவற்றில் செருப்பு ஜோடிக்கு இருக்கும் சமத்துவம்கூட கல்யாண ஜோடிக்கு இல்லை. செருப்பாவது இரண்டும் சேர்ந்து தேய்கிறது! புராணத்துக்குப் போனால் ராமன் சீதை ஜோடி என்பார்கள். ஒருத்தி நெருப்பில் இறங்க, மற்றவன் கரையில் நின்று பார்த்ததற்குப் பெயர் ஜோடியா? நளாயினி புருஷனைக் கூடையில் வைத்துத் தூக்கிக் கொண்டு போனாளாம். தூக்குகிறவள் ஒருத்தி, உட்காருகிறவன் ஒருத்தன். இதற்குக் கூலி வேலை என்று பெயர் சொல்லலாமே தவிர ஜோடி என்று சொல்ல முடியாது. இந்த ஜோடிகளையெல்லாம் சேர்க்கிறவன் யார்? ஜோசியன். பத்துப் பொருத்தம் பார்ப்பான். அந்தப் பெண்ணை மட்டும் ஒரு வார்த்தை கேட்க மாட்டான்.

இனி நுங்கம்பாக்கத்தில் நடந்ததைப் பாருங்கள். தேவலோகத்தில் இல்லை, இங்கிருந்து பஸ் ஏறினால் போய்ச் சேருகிற இடம். அந்த மைதானத்தில் 1997 முதல் 2017 வரை வருஷந்தோறும் ஆண்களுடைய சர்வதேசப் பந்தயம் நடந்தது. பெண்கள் தொழிலாக ஆடும் உலகப் பந்தயம் அங்கே முதன்முதல் வந்தது 2022 செப்டம்பரில். அதாவது ஆண்கள் வந்து கால் நூற்றாண்டு கழித்து! அந்தப் பந்தயத்தில் ஜோடி ஆட்டத்தில் ஜெயித்தவர்கள் கனடா தேசத்து கேப்ரியலா தப்ரோவ்ஸ்கியும் பிரேசில் தேசத்து லூயிசா ஸ்டெபானியும்.

இவர்களைப் பற்றிச் சொல்லக் காரணம் உண்டு. ஒரு வருஷத்துக்கு முன், 2021 அமெரிக்கப் பந்தயத்தில் இதே இருவர் சேர்ந்து அரை இறுதி வரை வந்தார்கள். ஆட்டத்தின் நடுவில் ஸ்டெபானிக்கு முழங்கால் முறுக்கிக் கொண்டு, நடக்க முடியாமல் களத்தை விட்டுக் கொண்டு போக வேண்டியதாயிற்று. பிறகு சத்திர சிகிச்சை, படுக்கை, மறுபடி நடக்கப் பழகுவது என்று ஒரு வருஷம் போயிற்று. தப்ரோவ்ஸ்கி அந்த ஒரு வருஷமும் மூலையில் உட்கார்ந்திருக்கவில்லை. வேறு துணைகளோடு ஆடினார், ஜெயித்தார். அதை யாரும் துரோகம் என்று சொல்லவில்லை. ஸ்டெபானி கால் தேறி மறுபடி களத்தில் இறங்கின முதல் பந்தயம் நம் நுங்கம்பாக்கம்தான். பழைய துணை பக்கத்தில் வந்து நின்றார். இருவரும் ஜெயித்துக் கோப்பை வாங்கினார்கள். இருவரும் வேறு வேறு தேசம். எந்த ஜோசியன் இவர்களுக்கு ராசி பார்த்தான்? ஒருவருடைய அடி மற்றவருக்குத் துணை செய்கிறது, ஒருவர் பேச்சு மற்றவருக்கு நம்பிக்கையாயிருக்கிறது என்று அவர்களே கண்டு சேர்ந்தார்கள். அவ்வளவுதான் பொருத்தம்.

இனி நம் தேசத்துக் கதைக்கு வருவோம். நாம் முக்கியமாகச் சொல்ல வந்தது இதுதான்.

ஹைதராபாத்தில் வளர்ந்த சானியா மிர்சா அம்மையாரின் பெயரைக் கேள்விப்படாதவர்கள் இங்கு இருக்க மாட்டீர்கள். 2003-ல் தொழில் ஆட்டத்தில் இறங்கினார். 2005-ல் தம் சொந்த ஊரில் நடந்த பந்தயத்தில் ஜெயித்து, பெண்கள் சங்கத்தின் ஒற்றையர் பட்டம் வாங்கிய முதல் இந்தியப் பெண் ஆனார். அதே வருஷம் அமெரிக்கப் பந்தயத்தில் நாலாவது சுற்று வரை போனார். அப்போது வயது 18. ஊர் என்ன செய்தது? ஒரு மவுல்வி எழுந்து, அந்தப் பெண் போட்டிருக்கும் உடுப்பு மதத்துக்கு விரோதம் என்று தீர்ப்புச் சொன்னார். அந்தப் பெண் அடித்த பந்து அவர் கண்ணில் படவில்லை, முழங்கால் பட்டுவிட்டது! இதை மற்ற மதக்காரர்கள் பரிகாசம் செய்து ஆனந்தப்படத் தேவையில்லை. ஒன்பது வருஷம் கழித்து, 2014-ல், தெலுங்கானா சர்க்கார் அவரைத் தங்கள் ராஜ்யத்தின் விளம்பரத் தூதராக நியமித்தபோது, "அவள் பாகிஸ்தானின் மருமகள்" என்று ஆட்சேபித்தது தேசபக்திக் கூட்டத்தைச் சேர்ந்த ஒரு சட்டசபை மெம்பர். அதாவது ஒரு பெண்ணுடைய ஊர் எது என்பது அவள் பிறந்து வளர்ந்து ஆடிய இடத்தைப் பொறுத்ததல்லவாம், கட்டின புருஷன் எந்த ஊரோ அதைப் பொறுத்ததாம். மவுல்விக்கு அவள் உடம்பு மதத்தின் சொத்து. மெம்பருக்கு அவள் பெயர் புருஷனுடைய சொத்து. இரண்டு பேரும் சந்தித்ததில்லை. ஆனாலும் ஒரே பாடம்தான் படித்திருக்கிறார்கள்.

இந்த இரண்டுக்கும் நடுவில் 2012-ல் நடந்த சம்பவம்தான் நமக்கு முக்கியம். அந்த வருஷம் லண்டனில் ஒலிம்பிக் பந்தயம். அதற்குச் சில வாரங்களுக்கு முன், ஜூன் மாதம், சானியாவும் மகேஷ் பூபதியும் சேர்ந்து பிரெஞ்சுப் பந்தயத்தில் கலப்பு ஜோடி ஜெயித்தார்கள். 2009-ல் ஆஸ்திரேலியாவில் ஜெயித்ததும் இதே ஜோடிதான். அப்படியிருக்க, ஒலிம்பிக்குக்கும் அவர்கள் இருவரும்தான் போவார்கள் என்று சின்னப் பிள்ளைகூடச் சொல்லும். நடந்தது வேறு. ஆண்கள் ஜோடியில் லியாண்டர் பயஸோடு சேர்ந்து ஆட முடியாதென்று பூபதியும் ரோஹன் போபண்ணாவும் முரண்டு பண்ணினார்கள். ஆண்களுக்குள் சண்டை. சண்டையில் பயஸுக்கு மனவருத்தம். அந்த மனவருத்தத்தை ஆற்ற அகில இந்திய டென்னிஸ் சங்கம் கண்டுபிடித்த மருந்து என்ன தெரியுமா? கலப்பு ஜோடியில் சானியாவைப் பயஸுக்குக் கொடுப்பது!

தோழர்களே, இரண்டு பங்காளிகள் வரப்புச் சண்டை போட்டுக் கொண்டால், சமாதானத்துக்கு ஒரு வீட்டுப் பெண்ணை மற்ற வீட்டில் கட்டிக் கொடுப்பதை நீங்கள் கிராமங்களில் பார்த்திருப்பீர்கள். ராஜாக்களும் அப்படித்தான் யுத்தத்தை நிறுத்தினார்கள். கணினி யுகத்தில், கோட்டுப் போட்ட கனவான்கள் மேஜையைச் சுற்றி உட்கார்ந்து செய்ததும் அதே பஞ்சாயத்துத்தான். ஆனால் ஒரு வித்தியாசம் உண்டு. பழைய கதைகளில் பெண் பேசுவதில்லை. இந்தப் பெண் பேசினார். மனத்தாங்கலாயிருக்கும் ஒரு பெரிய ஆட்டக்காரரைச் சமாதானப்படுத்தத் தம்மைத் தூண்டில் இரையாக வைத்தார்கள் என்று பகிரங்கமாக அறிக்கை விட்டார். இருபத்தோராம் நூற்றாண்டைச் சேர்ந்த இந்தியப் பெண்ணான தம்மை இப்படி நடத்தியது மனக்கசப்பைத் தருகிறது என்றார். தேசத்துக்காக ஆடுவேன் என்றும் சொன்னார், ஆடினார். கலப்பு ஜோடியில் ஒரு சுற்று ஜெயித்துக் கால் இறுதியில் தோற்றார்கள். அந்த ஒலிம்பிக்கில் பெண்கள் ஜோடியில் அவருக்குத் துணையாக நின்றவர் நம் சென்னையில் ஆடி வந்த ரஷ்மி சக்கரவர்த்தி என்பதையும் சொல்லி வைக்கிறோம். இந்த இருவரும் 2010 டில்லி காமன்வெல்த் பந்தயத்தில் வெண்கலம் வாங்கியவர்கள். ஆண்கள் சண்டையைப் பற்றிப் பத்தி பத்தியாய் எழுதிய பத்திரிகைகளில் ரஷ்மியின் பெயருக்குக் கிடைத்த இடம் கொஞ்சம்.

சங்கம் சேர்த்து வைத்த ஜோடியின் கதை இது. இனி, தாமே தேடிச் சேர்ந்த ஜோடி என்ன செய்தது?

இரண்டு முழங்காலிலும் வலது மணிக்கட்டிலும் சிகிச்சை ஆகி, இனி ஒற்றையர் ஆட்டம் வேண்டாமென்று 2013-ல் சானியா நிறுத்திக் கொண்டார். 2007-ல் உலகத்தில் 27-வது இடம் வரை போனவர். உடம்பு கேட்கவில்லை. அனேகர் கதை முடிந்தது என்றார்கள். 2015 மார்ச் மாதம் மார்ட்டினா ஹிங்கிஸோடு சேர்ந்தார். ஹிங்கிஸ் ஸ்விட்சர்லாந்துக்காரர், 1997-ல் பதினாறு வயதிலேயே உலகத்தின் முதல் இடத்தில் இருந்தவர், ஆட்டத்தை விட்டுவிட்டுப் போய் மறுபடி வந்தவர். ஒருவருக்குப் பலம் வலக்கைப் பக்கத்து வேக அடி. மற்றவருக்குப் பலம் பின்கை அடியும் வலையருகே புத்தியும். ஒருவரிடம் இல்லாதது மற்றவரிடம் இருந்தது. சேர்ந்து ஆடிய முதல் மூன்று பந்தயத்திலும் ஜெயித்தார்கள். 2015 ஏப்ரல் 13-ம் தேதி சானியா ஜோடி ஆட்டத்தில் உலகத்தின் முதல் இடத்துக்கு வந்தார். எந்த இந்தியப் பெண்ணும் அதற்கு முன் அங்கே போனதில்லை.

அதே ஜூலையில் விம்பிள்டன் இறுதி ஆட்டம். எதிரில் ருஷியாவின் மகரோவா, வெஸ்னினா. முதல் செட் தோல்வி. இரண்டாவது செட் பிழைத்துக் கொண்டார்கள். மூன்றாவது செட்டில் 2-5 என்று பின்தங்கிவிட்டார்கள். இன்னும் ஒரே ஒரு ஆட்டம் போனால் எல்லாம் போயிற்று. அங்கிருந்து ஒவ்வொன்றாய் எடுத்து 5-5 ஆக்கினார்கள். பொழுது இருட்டி, மேலே கூரையை மூடி விளக்குப் போட்டு மிச்சத்தை ஆடினார்கள். 7-5. விம்பிள்டன் பெண்கள் ஜோடிப் பட்டம் ஒரு இந்தியப் பெண்ணின் கைக்கு வந்தது அன்றுதான் முதல். அந்த நேரத்தில் அந்த இருவருக்கும் ஒருவர் மேல் ஒருவருக்கு இருந்த நம்பிக்கையை எந்தச் சங்கத்தின் தீர்மானத்தால் உண்டாக்கியிருக்க முடியும் என்று கேட்கிறோம். பிறகு அதே வருஷம் அமெரிக்கப் பட்டம், 2016 ஜனவரியில் ஆஸ்திரேலியப் பட்டம். தொடர்ந்து 41 ஆட்டம் தோல்வியே இல்லை. சேர்ந்து வாங்கிய பட்டம் மொத்தம் 14.

இவ்வளவு ஆன பின்பும் 2016-ல் பெயர் பெற்ற ஒரு பத்திரிகைக்காரர் பேட்டியில் கேட்ட கேள்வி என்ன? எப்போது வாழ்க்கையில் நிலைத்து உட்காரப் போகிறீர்கள், குழந்தை குட்டி எப்போது என்பது! உலகத்தில் முதல் இடம் என்பது நிலைத்து உட்காருவதில் சேராதாம். எத்தனை விம்பிள்டன் ஜெயித்தாலும் பெண்ணிடம் கேட்கும் கேள்வி இதுதானா என்று சானியா திருப்பிக் கேட்டார். அந்தப் பத்திரிகைக்காரர் அங்கேயே மன்னிப்புக் கேட்டார் என்பதையும் சொல்ல வேண்டும். கேட்டாரே, அது பெரிசு. நம் உறவு முறைகளில் இந்தக் கேள்வி கேட்ட எந்தப் பெரியம்மாவும் இதுவரை மன்னிப்புக் கேட்டதாக நமக்குத் தெரியாது!

இந்த ஜோடி பிரிந்த விதத்தையும் கேளுங்கள். 2016 ஆகஸ்டில், முன்போல் வெற்றி வரவில்லை என்று கண்டு, இருவரும் பேசிப் பிரிந்தார்கள். தூற்றுதல் இல்லை, பஞ்சாயத்து இல்லை. சில நாளிலேயே சின்சினாட்டி என்ற ஊர்ப் பந்தய இறுதியில், வேறு வேறு துணைகளோடு, வலைக்கு இந்தப் பக்கம் ஒருவரும் அந்தப் பக்கம் ஒருவருமாக நின்றார்கள். சானியா ஜெயித்தார். அதன் பின் வருஷக் கடைசிப் பந்தயத்துக்குப் பழைய ஜோடிக்கே தகுதி இருந்தபடியால், மறுபடி இருவரும் சேர்ந்து போய் ஆடினார்கள். சேருவது சொந்த இஷ்டம் என்றால் பிரிவதும் மானமாய் நடக்கும். பிரிந்தால் உலகம் கவிழ்ந்துவிடும் என்று சொல்லிக் கொண்டு அடி உதையோடு ஒரே வீட்டில் முப்பது வருஷம் கிடக்கிற நம் ஜோடிகளுக்கு இந்த ஏற்பாட்டைச் சற்றுச் சிபாரிசு செய்யலாமா என்று தோன்றுகிறது.

நிற்க. ஜாதியைப் பற்றி ஒரு வார்த்தை. அமெரிக்காவில் ஆல்தியா கிப்ஸன் என்று ஒரு கறுப்புப் பெண். 1927-ல் தெற்குக் கரோலினாவில் வாரத்துக்குப் பருத்தி பயிரிட்டுப் பிழைத்த குடும்பத்தில் பிறந்து, நியூயார்க்கில் ஹார்லெம் என்கிற கறுப்பர் சேரியில் வளர்ந்தவர். 1950 வரைக்கும் அந்நாட்டின் பெரிய பந்தயத்துக்குள் கறுப்பருக்கு இடமில்லை. ஆலிஸ் மார்பிள் என்ற வெள்ளைக்கார ஆட்டக்காரி இது அக்கிரமம் என்று பத்திரிகையில் எழுதிய பிறகுதான் கதவு திறந்தது. உள்ளே போனாலும் சேர்ந்து ஆட யார் வருவார்கள்? இந்தப் பக்கம் இங்கிலாந்தில் ஏஞ்சலா பக்ஸ்டன் என்று ஒரு யூதப் பெண். நன்றாய் ஆடுகிறாய், ஆனால் யூதச்சி, ஆகவே கிளப்பில் இடமில்லை என்று சொல்லப்பட்டவர். இந்த இருவரும் எங்கே சிநேகமானார்கள் தெரியுமா? நம் நாட்டில்! டில்லியில் நடந்த ஒரு பந்தயத்துக்கு இருவரும் வந்தபோது பழக்கமானார்கள். 1956-ல் சேர்ந்து ஆடி, பிரெஞ்சுப் பட்டமும் விம்பிள்டன் பட்டமும் வாங்கினார்கள். ஒதுக்கப்பட்டவளோடு ஒதுக்கப்பட்டவள் சேர்ந்தாள். 

ஜோடி ஆட்டத்தோடு அது முடியவில்லை. கிப்ஸன் 1957-லும் 1958-லும் விம்பிள்டன் ஒற்றையர் பட்டமும் வாங்கினார். அந்தக் காலத்தில் ஜெயித்தவருக்குக் கோப்பைதான், காசு கிடையாது. முதுமையில் வியாதியும் வறுமையும் சேர்ந்து, மருந்துக்கும் வாடகைக்கும் வழியில்லாமல் போயிற்று. அப்போது அவர் டெலிபோன் செய்தது யாருக்கு? நாற்பது வருஷத்துக்கு முன் பக்கத்தில் நின்று ஆடிய ஏஞ்சலாவுக்கு. ஏஞ்சலா தாமும் உதவி, ஒரு டென்னிஸ் பத்திரிகை மூலம் உலகத்துக்கும் தெரிவித்தார். ஏறக்குறைய பத்து லட்சம் டாலர் வந்து சேர்ந்தது. கிப்ஸன் 2003-லும் பக்ஸ்டன் 2020-லும் காலமானார்கள். ஒரே கோத்திரமா, ஒரே குலமா, ஒரே நிறமா? சொந்த ஜாதிக்காரன் செத்தால் மாலை போட வருவான் என்பதற்காக ஜாதியைக் கட்டிக் கொண்டு அழுகிறவர்கள் இதைச் சற்று யோசிக்கட்டும்.

காசு என்று சொன்னோம். அந்தச் சங்கதியையும் சுருக்கமாய்ச் சொல்லி விடுகிறோம். 1970-ல் அமெரிக்காவில் ஒரு பந்தயத்தில் ஆணுக்கு முதல் பரிசு 12,500 டாலர், பெண்ணுக்கு 1,500 டாலர் என்று அறிவித்தார்கள். பில்லி ஜீன் கிங், ரோஸி கசால்ஸ் உள்பட ஒன்பது பெண்கள் அதைப் பகிஷ்கரித்து, கிளாடிஸ் ஹெல்ட்மன் என்ற பத்திரிகை ஆசிரியை முன்னிலையில், ஆளுக்கு ஒரு டாலர் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டு ஹூஸ்டன் நகரத்தில் தனிப் பந்தயம் ஆடினார்கள். சங்கம் உங்களைத் தள்ளி வைக்கும் என்ற மிரட்டலுக்கு அஞ்சவில்லை. (பணம் போட்டது ஒரு சிகரெட்டுக் கம்பெனி. அது நமக்குப் பிடிக்கவில்லை. ஆனால் யோக்கியமான கம்பெனி ஒன்றும் அன்று முன்வரவில்லை என்பதும் உண்மை.) கிங் ஒரு தீயணைப்புக்காரர் மகள். கசால்ஸின் பெற்றோர் எல் சால்வடாரிலிருந்து குடியேறியவர்கள். இந்த இருவரும் ஜோடியாக விம்பிள்டனை ஐந்து தடவை ஜெயித்தவர்கள். களத்தில் பக்கத்தில் நிற்கத் தெரிந்தவர்களுக்குக் கூலிச் சண்டையிலும் பக்கத்தில் நிற்கத் தெரிந்தது. 1973-ல் பெண்கள் டென்னிஸ் சங்கம் உண்டாயிற்று. அதே வருஷம் அமெரிக்கப் பந்தயத்தில் ஆணுக்கும் பெண்ணுக்கும் சமப் பரிசு வந்தது. விம்பிள்டன் சீமான்களுக்கு அந்தப் புத்தி வர 2007 ஆயிற்று. நம் சர்க்கார் சமவேலைக்குச் சமக்கூலி என்று சட்டம் செய்தது 1976-ல். எஸ்டேட்டில் வேலை செய்யும் தாய்மார்களே, உங்கள் சம்பளச் சீட்டையும் பக்கத்து மிஷினில் நிற்கும் ஆணுடைய சீட்டையும் ஒருநாள் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். மேலே நாம் பேசுவானேன்?

பேர்பெற்ற ஜோடிகள் இன்னும் அனேகம். நவரத்திலோவாவும் ஷ்ரைவரும் 1983 முதல் 1985 வரை தொடர்ச்சியாக 109 ஆட்டம் ஜெயித்தார்கள். வீனஸ், செரீனா என்ற அக்காள் தங்கையர் பெரிய பந்தயங்களில் 14 ஜோடி இறுதி ஆடி ஒன்றில்கூடத் தோற்கவில்லை. கணக்கை நீட்டிக் கொண்டு போனால் உங்களுக்குப் பஸ் தவறிவிடும்.

இனி இவ்வூருக்கு வருவோம். நம் தமிழ்நாட்டில் கோயம்புத்தூரில் பிறந்த நிருபமா வைத்தியநாதன் பதினான்கு வயதில் தேசப் பட்டம் வாங்கி, 1998-ல் ஆஸ்திரேலியப் பந்தயத்தின் பிரதான சுற்றில் ஒரு ஆட்டம் ஜெயித்தார். தொழில் ஆட்டக்காலத்தில் பெரிய பந்தயமொன்றில் அப்படி ஜெயித்த முதல் இந்தியப் பெண் அவர்தான். அவருக்குக் கற்றுக் கொடுத்தது தகப்பனார். பதினான்கு வயது என்றோமே, அந்த வயதை ஞாபகத்தில் வைத்துக் கொள்ளுங்கள். ஏனென்றால் இந்தப் பக்கத்துப் பள்ளிக்கூடங்களில் கபடியும் பந்தும் நன்றாய் ஆடிக் கொண்டிருக்கும் பெண்கள் காணாமல் போவது சரியாக அந்த வயதுக்கு முந்தித்தான். "பெரியவளாகி விட்டாள்" என்று ஒரு வார்த்தை. தெருவில் பந்தல் போட்டு, ஒலிபெருக்கி வைத்து, பேனரில் அந்தக் குழந்தையின் படத்தைப் போட்டு, சீர்வரிசைத் தட்டை எண்ணி, ஊருக்கெல்லாம் பிரியாணியோ பாயசமோ போடுகிறார்கள். மறுநாள் முதல் மைதானத்துக்குப் போகாதே என்கிறார்கள். உடம்பு வளருவதைக் கொண்டாடிவிட்டு அந்த உடம்பை உபயோகப்படுத்தாதே என்று சொல்லும் விசித்திரம் நம் நாட்டில்தான் உண்டு. பந்தல் செலவில் பாதி இருந்தால் அந்தப் பெண்ணுக்கு மட்டையும் சப்பாத்தும் வாங்கி ஒரு வருஷம் பழக்க முடியாதா?

மைதானம் எங்கே என்பீர்கள். நூற்றிருபது அடிக்கு அறுபது அடி சிமெண்டுத் தரை, ஒரு வலை, ஒரு விளக்கு. கார் நிறுத்த இடம் காணும் மாநகராட்சிகள் இதற்கும் காணலாம், கேட்கிறவர்கள் இருந்தால். அதுவரையில் ஒரு சுவர் போதும். சுவரில் அடித்துப் பழகினவர்கள் உலகத்தில் அனேகர்.

உடுப்பைப் பற்றி ஒரு தோழர் சீட்டு அனுப்பியிருக்கிறார். பதில்: ஓட வசதியானது எதுவோ அதுதான் உடுப்பு. ஆடுகிறவள் தீர்மானிப்பாள். பார்க்கிறவனுக்குச் சங்கடமாயிருந்தால் பந்தைப் பார்க்கட்டும்.

கடைசியாக, ஒரு காரியம். இக்கூட்டத்துக்கு வந்திருக்கும் ஒரு தாயார் சற்று முன் நம்மிடம் தனியே சொன்னார். தம் பெண் ஒன்பதாவது படிக்கிறாள். சிநேகிதி ஒருத்தியோடு சேர்ந்து பள்ளிக்கூடத்தில் பூப்பந்து ஜோடியாக ஆடி, ஜில்லா வரைக்கும் போய் வந்தவள். இந்த வருஷம் தகப்பனார் நிறுத்திவிட்டார். சிநேகிதி வேறு ஜாதி என்பதும் ஒரு காரணமாம். பெயரையும் தெருவையும் இங்கே சொல்ல மாட்டோம். வருகிற ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணிக்கு நாமும் தலைவரும் அந்தத் தகப்பனாரைப் பார்த்துப் பேசப் போகிறோம். பெண் பிள்ளைகளை ஆட விட்டிருக்கும் தகப்பன்மார் யாராவது இரண்டு பேர் கூட வந்தால் நலம். நாம் சொல்வதைவிட அவர்கள் சொன்னால் அவர் கேட்பார். வர இஷ்டமுள்ளவர்கள் கூட்டம் கலைந்ததும் மேடைக்குப் பக்கத்தில் வந்து பெயர் கொடுங்கள்.